கொசுவத்தி வாடையும் முனுசாமி அண்ணனின் காலும்

சிலிபினில் ஒரு கிளினிக்கில், சிகரெட்டை நிறுத்த வருகிறவர்களைப் பார்க்கும் பிரிவுக்கு என்னை மாற்றினார்கள். வார்டில் ஓடி ஓடித் தேய்ந்த நர்ஸ் நான்; வருகிறவர்களுக்கெல்லாம் ‘மிஸ்ஸி’. உட்கார்ந்து பேசும் வேலைதானே என்று சந்தோஷப்பட்டேன். ஓய்வு பெறும்வரை அந்த நாற்காலி என்னைப் பிழிந்தெடுத்துவிட்டது.

முனுசாமி அண்ணன் லகாட்டிலிருந்து வருவார். ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் சீவியவர். இனிப்பு நீர் வியாதி, அதாவது சர்க்கரை. கால் விரல் ஒன்று கறுத்திருந்தது. சிகரெட்டை எங்கள் பக்கம் ரோக்கோ என்போம். டாக்டர் நேராகவே சொல்லிவிட்டார்: "அங்கிள், ரோக்கோவ விடலனா காலுக்கு ரத்தம் இறங்காது. கால எடுக்க வேண்டியதாயிரும்."

தோளில் பேட்ச் ஒட்டி அனுப்பினேன். சிகரெட் இழுத்தவுடன் நிக்கோட்டின் மூளைக்கு ஏறிவிடும்; பேட்ச் தோல் வழியாக மெதுவாகத்தான் கொடுக்கும். தூக்கம் கெடும், எரிச்சல் வரும் என்றேன். அதையெல்லாம் தாங்கிக்கொண்டார். ஆனால், ஊதிப் பார்க்கும் மெஷின் ஒவ்வொரு முறையும் அவர் புகைத்ததைக் காட்டிக்கொடுத்தது.

"பகல் பூரா தொடறதில்ல மிஸ்ஸி. விடியக்காலம் மட்டும் கை தானா தேடுது லா."

இரவெல்லாம் நிக்கோட்டின் குறைந்து, விடியும்போது உடம்பு கேட்கும் என்பது தெரிந்ததுதான். டாக்டர் பேட்சின் அளவைக் கூட்டினார். பிரயோஜனமில்லை. எனக்கு அலுத்துவிட்டது.

ஒருநாள் அவர் மனைவி லெட்சுமி அக்காவும் வந்தார். அவர் உடுப்பில் கொசுவத்தி வாடை தூக்கலாக இருந்தது.

"எப்பக்கா வத்தி கொளுத்துவீங்க?"

"விடியக்காலம் சமைக்கிறப்ப மிஸ்ஸி. எஸ்டேட் பழக்கம். இடுப்புல கொசுவத்தியக் கட்டிக்கிட்டுத்தான மரம் சீவப் போவோம்."

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அந்த நெருப்புலதான் மொத ரோக்கோவ பத்த வைப்பேன்."

எஸ்டேட் மரங்களை வெட்டி எத்தனையோ வருஷமாகிவிட்டது. மூக்கு மட்டும் இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது. வத்தியை நிறுத்தி, ஜன்னலுக்கு வலை அடிக்கச் சொன்னேன். வாய்க்குக் கிராம்பு. கொஞ்சம் கொஞ்சமாக மெஷினில் எண் இறங்கியது. விரல் போனது, கால் தப்பித்தது.

"கால் பொழைச்சிருச்சுண்ணே!" என்றேன்.

"பொழைச்சிருச்சு மிஸ்ஸி. அந்த வாடைதான் என்னை எழுப்பி விட்டுக்கிட்டிருந்துச்சு. இப்ப எதுக்கு எழுந்திரிக்கணும்னே தெரியல லா."

கார்டில் அடுத்த தேதியைக் குறித்துக் கொடுத்தேன்.

எனக்குப் பிறகு அந்த நாற்காலியில் உட்கார வருகிற நர்ஸுகளே, எத்தனை சிகரெட் என்பதோடு, எந்த வாடையில் என்றும் கேளுங்கள். அதை எடுத்துவிட்டால் விடியும்போது அவர் என்ன செய்வார் என்றும் கேளுங்கள். நான் அதைக் கேட்கவில்லை.