இனி தலையாட்டுவதில்லை

எட்டு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து நான் பிழைத்துக்கொண்டேன்; காதுகள் பிழைக்கவில்லை. காதுக்கருவி போட்டால் யாரோ பேசுகிறார்கள் என்பது மட்டும் தெரியும். என்ன பேசுகிறார்கள் என்பதை உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வேன். நிபோங் திபால் என்ற சிறு ஊரில் எங்கள் வீட்டில் இதைப் பெரிய விஷயமாக யாரும் பேசியதில்லை. அம்மாவுக்கு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை. எவ்வளவு களைப்பாக வந்தாலும், சட்டியில் வெங்காயம் கருகிக்கொண்டிருந்தாலும், என்னிடம் பேசும்போது முகத்தைத் திருப்பித்தான் பேசுவார்.

வெளியில் அப்படி இல்லை. பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது. புரியாவிட்டாலும் தலையாட்டுவேன். மறுபடி சொல்லுங்கள் என்று ஒரு தடவை கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். இரண்டாவது தடவை முகம் மாறும். மூன்றாவது தடவை “ஒண்ணுமில்ல, விடு” என்பார்கள். அந்த ‘விடு’ மட்டும் எல்லார் உதட்டிலும் எனக்குத் தெளிவாகத் தெரியும். அதைப் பார்க்காமல் இருப்பதற்காகவே தலையாட்டினேன்.

ஜார்ஜ் டவுனில் ஒரு சிறிய பல்கலைக்கழகத்தில் சமூகப்பணிப் படிப்புக்கு விண்ணப்பித்தேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது. எனக்குக் காதுக்கருவி வாங்கித் தர உதவி கேட்டிருந்தபோது சமூகநல அதிகாரி ஒருவர் வீட்டுக்கு வந்தார். ஒரு மணி நேரம் அம்மாவிடம் என்னைப் பற்றியே பேசினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த வேலையை வேறு மாதிரியும் செய்யலாமே என்று பத்து வயதில் எனக்குத் தோன்றியது. பிறகு அந்த எண்ணம் மாறவே இல்லை.

சேர்க்கை நேர்காணலில் படிப்பின் ஒருங்கிணைப்பாளரான அம்மையார் கனிவாகவே பேசினார். மனிதர்கள் சொல்வதைக் கேட்பதுதான் இந்த வேலை, நிர்வாகவியல் உங்களுக்கு வசதியாக இருக்குமே என்று மலாய் மொழியில் சொன்னார். அவர் முழுதாக முகம் காட்டிப் பேசியதால் ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. சமூகப்பணிதான் வேண்டும் என்று நானும் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். மதிப்பெண்கள் நன்றாக இருந்ததால் இடம் கிடைத்தது.

முதல் இரண்டு வருடங்கள் பெரும்பாலும் கதவருகில் நின்றே போயின. கொரோனா தணிந்து, முகக்கவசம் கட்டாயமில்லை என்று ஆன பிறகும் சில விரிவுரையாளர்கள் அதைக் கழற்றவில்லை. வகுப்பு தொடங்கும் முன் வாசலில் நின்று, என் நிலையை எழுதிய காகிதத்தை நீட்டுவேன். சிலர் உடனே கழற்றினார்கள். சிலர் முதல் பத்து நிமிடம் ஞாபகம் வைத்திருந்துவிட்டுப் பிறகு பலகையைப் பார்த்துப் பேசத் தொடங்குவார்கள். ஆயர் ஈத்தாமிலிருந்து வந்த சீனத் தோழி ஒருத்தி, வகுப்பில் பேசுவதை எல்லாம் மடிக்கணினியில் வேகமாகத் தட்டச்சு செய்வாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் படிப்பேன். விரிவுரையாளர் அடிக்கும் நகைச்சுவையையும் விடாமல் அடிப்பாள். எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு நான் தனியாகச் சிரிப்பேன். அதற்காகவே சிலர் என்னைத் திரும்பிப் பார்த்துக் காத்திருப்பார்கள்.

மூன்றாம் வருடம் களப்பயிற்சி வந்தது. சுங்கை பாக்காப்பில், வீட்டோடு முடங்கிய நோயாளிகளைப் போய்ப் பார்க்கும் ஒரு தொண்டு மையத்தில் என்னைப் போட்டார்கள். அங்கே என்னை மேற்பார்வை செய்தவர் நாற்பது வயதைத் தாண்டிய தமிழ்ப் பெண்மணி. மையத்தில் எல்லாரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். முதல் வாரம் கூடவே அழைத்துப்போனார். இரண்டாவது வாரம், தனியாகப் போய்வா என்றார்.

நான் தனியாகப் போன முதல் வீடு ஓர் அம்மாவுடையது. இரத்தத்தில் சர்க்கரை ஏறும் இனிப்பு நீர் நோயால் அவருக்கு ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தார்கள். சன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். வெளிச்சம் பின்னாலிருந்து வந்ததால் முகம் நிழலாக இருந்தது. இடம் மாறி உட்காருங்கள் என்று சொல்ல எனக்குக் கூச்சம். எனக்குக் காது கேட்காது என்பதையும் சொல்லவில்லை. முதல் நாளே அவருக்கு நம்பிக்கை போய்விடக் கூடாது என்று நினைத்தேன். வீட்டில் துணைக்கு யார், குளிக்க வைப்பது யார் என்று கேட்டேன். அவர் ஏதோ சொன்னார். ‘மகள்’ என்று எனக்குப் பட்டது. தலையாட்டினேன். குளிப்பதற்கு மகள் உதவுகிறார், சிக்கல் ஒன்றுமில்லை என்று அறிக்கையில் எழுதிக் கொடுத்தேன்.

அவர் சொன்னது மகன். உதட்டில் மகனும் மகளும் ஒன்றுபோலத்தான் இருக்கும். மகள் கல்யாணமாகிக் கூலிமில் இருந்தாள். வீட்டில் இருந்தது வயதுவந்த மகன் மட்டும். அவன் முன்னால் உடம்பைக் காட்ட வெட்கப்பட்டு அந்த அம்மா பல நாளாக ஒழுங்காகக் குளிக்கவே இல்லை. அடுத்த வாரம் அக்கா வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது, வெட்டிய காலின் நுனியில் புண் வைத்திருப்பதைப் பார்த்து உடனே மருத்துவமனைக்கு அனுப்பினார். நல்லவேளையாக ஆழமாகப் போகவில்லை.

அன்று மாலை அக்கா என்னை அறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார். என் அறிக்கையை மேசையில் வைத்தார்.

“புரியாமத்தான் தலையாட்டுனியா?”

“ஆமாக்கா.”

“அன்னிக்கு மட்டுமா?”

“இல்லக்கா. சின்னப் பிள்ளையில இருந்தே அப்படித்தான்.”

அவர் திட்டவில்லை. பல்கலைக்கழகத்துக்கு நடந்ததை எழுதித்தான் ஆகவேண்டும் என்றார். எழுதினார். இரண்டே நாளில் ஒருங்கிணைப்பாளர் கூப்பிட்டு அனுப்பினார். களப்பயிற்சியை நிறுத்திவிட்டு நிர்வாகவியலுக்கு மாறிக்கொள்ளும்படி சொன்னார். நீங்கள் கெட்டிக்காரி, ஆனால் அடுத்த தடவை யாருக்காவது இதைவிட மோசமாக நடந்தால் என்ன செய்வது என்று கேட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வெளியே வந்தேன்.

பட்டர்வொர்த் போகும் ஃபெரிப் படகில், முகத்தைக் கடல் பக்கம் வைத்துக்கொண்டு அழுதேன். அங்கிருந்து ரயில் பிடித்து வீட்டுக்குப் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என்னைத் தேற்றுவார் என்று நினைத்திருந்தேன்.

“தப்புப் பண்ணிட்ட. அந்த அம்மாவுக்குத்தான் வலி, உனக்கு இல்ல,” என்றார். “அழுதது போதும்லா. இப்ப என்ன பண்ணப் போற, அத சொல்லு.”

சாப்பிடாமல் யோசித்தேன். காதால் வந்த தப்பு என்றே பல்கலைக்கழகத்தில் எடுத்துக்கொண்டார்கள். அப்படிச் சொல்லிவிட்டால் எனக்கும் வசதிதான். ஆனால் காது கேட்காததால் அந்த அம்மாவுக்குப் புண் வரவில்லை. கேட்காததை நான் மறைத்ததால் வந்தது. காதை மாற்ற முடியாது. மறைப்பதை நிறுத்த முடியும்.

மறுநாள் அக்காவிடம் போனேன். போகிற வீட்டிலெல்லாம் முதல் வாக்கியமாக என் நிலையைச் சொல்வேன், வெளிச்சம் பார்த்து உட்காருவேன், அவர்கள் சொன்னதை நான் திருப்பிச் சொல்லி, ஆமாம் என்று அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகே எழுதுவேன் என்றேன். நீங்களும் கூட வாருங்கள், இருவரும் தனித்தனியாக எழுதுவோம், பத்து வீடு முடிந்ததும் இரண்டையும் ஒப்பிடுங்கள், உங்களுடையதைவிட என் அறிக்கையில் தவறு அதிகமிருந்தால் நானே படிப்பை மாற்றிக்கொள்கிறேன் என்றும் சொன்னேன். அக்கா தன் நாட்குறிப்பை எடுத்து விரித்தார்.

“உனக்காக நான் பொறுப்பு எடுக்க மாட்டேன்,” என்றார். “நீயே எடு. நான் கூட வர்றேன்.”

ஒருங்கிணைப்பாளர் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. அப்படியானால் என்னை நிறுத்துவதற்கான காரணத்தை எழுத்தில் தாருங்கள் என்று கேட்டேன். அதுவரை எந்தப் பெரியவரிடமும் நான் அப்படிப் பேசியதில்லை. அவர் காரணம் எழுதவில்லை. பத்து வீடுகளுக்கு அனுமதி எழுதினார்.

முதலில் அக்காவோடு அந்த அம்மாவின் வீட்டுக்குத்தான் போனேன். காலில் புதுக் கட்டு. எதிரில் உட்கார்ந்து, எனக்குக் காது கேட்காது, அன்றைக்கு நீங்கள் சொன்னது புரியாமலே தலையாட்டினேன், என்னால்தான் உங்களுக்கு இப்படி ஆனது என்றேன். அவர் குனிந்து கட்டின் ஓரத்தைச் சரிசெய்தார். கோபம் என்றே நினைத்தேன்.

“அன்னிக்கே சொல்லியிருந்தா நான் சத்தமா பேசியிருப்பேனே பிள்ள,” என்றார்.

“சத்தம் வேணாம்மா. இந்தப் பக்கம் திரும்பி என் மூஞ்சியப் பாத்து பேசுனா போதும்.”

திரும்பி உட்கார்ந்தார். அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னேன். இரண்டு இடத்தில் திருத்தினார். மூன்றாவது இடத்தில், நான் சரியாகச் சொல்லியும் “அப்படியில்ல” என்று நிறுத்திவிட்டு, முதலில் சொல்லாத ஒன்றைச் சொன்னார். மகன் முன்னால் மட்டுமல்ல, கண்ணாடியில்கூட அந்தக் காலைத் தன்னால் பார்க்க முடியவில்லை என்றார். அக்கா எழுதுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வாரமே, குளிக்க வைப்பதற்கு மையத்திலிருந்து ஒரு பெண் வந்துபோக ஏற்பாடு செய்தோம்.

பத்து வீடுகளும் முடிந்தன. ஒரு வீட்டில் நான் ஒரு மருந்தின் பெயரைத் தவறவிட்டிருந்தேன். வேறு இரண்டு வீடுகளில், அக்கா கவனிக்காத விஷயங்கள் என் தாளில் இருந்தன. ஒவ்வொரு வீட்டிலும் எனக்கு அவரைவிட இரண்டு மடங்கு நேரம் பிடித்தது. நல்லதும் கெட்டதுமாக எல்லாவற்றையும் அக்கா அப்படியே எழுதி அனுப்பினார். களப்பயிற்சியை முடிக்க அனுமதி வந்தது. மருந்துப் பெயர்களை நோயாளிகளிடமே எழுதி வாங்கும் பழக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது.

இறுதித் தேர்வில் மூன்று பேர் கொண்ட குழு கேள்வி கேட்டது. ஆயர் ஈத்தாம் தோழி கேள்விகளைத் திரையில் அடிக்க, நான் படித்துப் பதில் சொன்னேன். தேர்வாளர் ஒருவர் அடிக்கடி கடிகாரத்தைப் பார்த்தார். பிரமாதமான மதிப்பெண் இல்லை. ஆனால் தேறிவிட்டேன்.

இப்போது பட்டர்வொர்த்தில் சிறுநீரக நோயாளிகளுக்கான ஓர் இரத்தச் சுத்திகரிப்பு நிலையத்தில் சமூகப்பணியாளராக இருக்கிறேன். போன வருடம் அதே பல்கலைக்கழகத்திலிருந்து, புதிய மாணவர்களிடம் பேச வரும்படி அழைத்தார்கள். மண்டபத்தில் பேசுவதெல்லாம் திரையில் எழுத்தாக வரவேண்டும் என்று கேட்டேன், செய்துகொடுத்தார்கள். பேச எழுந்தபோதுதான் கவனித்தேன். சக்கர நாற்காலியில் வந்திருந்த ஒரு மாணவிக்குப் புதிய மாணவர்களோடு மேடைக்கு முன்னால் இடமில்லை. பின்கதவருகில் தனியாக இருந்தாள். மேடைக்குப் போகப் படிகள் மட்டும்தான்.

ஒலிவாங்கியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். நாற்காலிகளைத் தள்ளி நடுவில் வழி விடச் சொன்னேன். அவள் முன்னால் வந்து சேரும் வரை பேச்சைத் தொடங்கவில்லை. நிகழ்ச்சி முடிந்ததும், அவளுடைய வகுப்புகள் எந்த மாடியில் நடக்கின்றன என்று கேட்டேன். மூன்றாவது மாடி, மின்தூக்கி பாதி நாள் ஓடாது என்றாள். பல்கலைக்கழக அலுவலகம் மூட இன்னும் அரை மணி நேரம் இருந்தது. அதைப் பற்றி எழுத்தில் கேட்க இருவரும் நேரே அங்கே போனோம்.