போர்டில் கவிழ்ந்த படகு

இன்று தூத்துக்குடியில் என் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் 'இஃப்' பாடம்.

'புயல் வந்தால் படகு கவிழும்' என்று போர்டில் ஆங்கிலத்தில் எழுதினேன்.

முன்வரிசை ஜெனிட்டா விருட்டென்று எழுந்து வந்து அதைக் கையாலேயே அழித்தாள்.

"எங்க வீட்டுக்காரரு கடல்ல இருக்காரு மிஸ். அந்தப் பேச்சையே நாங்க எடுக்கப்புடாது."

"வெறும் இலக்கணம்தானே?" என்றேன். அவள் உடனே கணவருக்குப் போன் போட்டாள். ரிங் போகவில்லை. மறுபடியும் போட்டாள்.

பக்கத்தில் இருந்தவர்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். மீன்பிடிக் குடும்பம் இல்லாத உடன்குடிக்காரி நானும் மாதாவை வேண்டிக்கொண்டேன்.

கடைசியில் அவரே கூப்பிட்டார். "ஏளா, இப்பத்தான் கரைக்கு வாரோம். என்ன அவசரம்?"

"ஒண்ணுமில்ல, கிளாஸ்ல இருக்கேன்" என்று வைத்துவிட்டாள்.

நாளைக்கு மழையை வைத்துச் சொல்லலாமென்றால், பின்வரிசையில் உப்பளக்காரர் மனைவி இருக்கிறார். யார் வயிற்றையும் கலக்காத 'இஃப்' இருந்தால் கமெண்டில் போடுங்கள்.