தொப்பிக்காரன் பாட்டு

தாராவியில் ரேடியோ ரிப்பேர் செய்யும் ஒருவரின் வீட்டு மாடியறையில் சில மாதம் வாடகைக்கு இருந்தேன். ஒல்லியான மனிதர். ஞாயிறுதோறும் சர்ச்சிலிருந்து வந்ததும், வெள்ளைச் சட்டையைக்கூடக் கழற்றாமல், ஒரே இசைத்தட்டைப் போட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். குர்லாவில் பழைய சாமான் கடையில் எடுத்தது. உறையில் தொப்பியும் கிதாருமாக ஒரு வெள்ளைக்காரன். "கர்த்தர் பாட்டு" என்று மனைவியிடம் சொல்லியிருந்தார். அந்த அக்கா வேறு பாட்டை வீட்டுக்குள் விடமாட்டார்.

எனக்கு முதலிலிருந்தே சந்தேகம். செம்பூரில் ஒரு பாரில் கிளாஸ் கழுவியவன் நான். அந்த ஆங்கிலத்தில் எனக்குப் புரிந்த ஒரே சொல் விஸ்கி. அது அடிக்கடி வந்தது.

"அண்ணே, இது குடிகாரன் பாட்டுல்லா?"

"மெதுவா பேசுல. அந்தக் கிதாரக் கேளு. படியில கால் வழுக்குன மாதிரி போவுது, ஆனா விழமாட்டேங்கு. நான் குடிய விட்டு ஏழு வருசமாச்சு. இவன் எனக்கும் சேத்துக் குடிக்கான். அவகிட்ட சொல்லிராத, தட்டு குப்பைக்குப் போயிரும்."

அடுத்த ஞாயிறு அவர் பால் வாங்கப் போயிருந்தபோது அக்கா என்னை மடக்கினார்.

"தம்பி, நீ பார்ல வேல பாத்தவன். இது கர்த்தர் பாட்டுதானா?"

"ஆமாக்கா."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்போ சத்தமாவே வைக்கலாம்" என்று தானே தட்டைச் சுழலவிட்டார்.

பாலோடு வந்தவர் வாசலிலேயே நின்று என்னை முறைத்தார். நான் சொல்லவில்லை என்று தலையாட்டினேன். அவர் நம்பினாரா தெரியாது. விஸ்கி வந்த இடத்தில் அக்கா லேசாகச் சிரித்ததை அவர் கவனித்தாரா என்பதும் தெரியாது.