அத்தை சிரிக்காத இருபத்தெட்டு நாட்கள்

என் மகளுக்கு ஒன்பது மாதம். அவள் பிறந்த பிறகு சேர்ந்தாற்போல் நான்கு மணி நேரம் தூங்கியதாக எனக்கு நினைவில்லை. போன வாரம் அவளுக்கு நகம் வெட்டிவிட ஜன்னலருகே உட்கார்ந்தபோது எதிரே பீரோக் கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. வலது கண்ணோரத்தில் இரண்டு மெல்லிய கோடுகள், இடது பக்கம் ஒன்று. நகத்தைப் பாதியில் விட்டுவிட்டுக் கைபேசியில் தேடினேன். நன்றாகத் தூங்க வேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், பழங்கள் சாப்பிட வேண்டும், வெயிலில் போகுமுன் கிரீம் தடவ வேண்டும், கண்ணைச் சுருக்கக் கூடாது, கவலைப்படக் கூடாது. கடைசியில் இருந்ததைப் படித்ததும் கவலை கூடிவிட்டது. கிரீம் மட்டும் வாங்கினேன். பிறகு, குழந்தை என் கன்னத்தில் வாயை வைக்கிறாளே, உள்ளே போனால் என்ன ஆகும் என்று பயந்து இன்னும் மூடியைத் திறக்கவில்லை.

இந்த யோசனைகள் எனக்குப் புதிதல்ல. ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது ஏறக்குறைய இவற்றையே ஒரு நோட்டில் என் கையால் எழுதி, ஒரு மாதம் அத்தையின் முகத்துக்குக் காவல் இருந்திருக்கிறேன்.

அத்தை அப்பாவின் தங்கை. அப்போது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. வெளியில் இருபத்தெட்டு என்று சொல்லி வந்தோம். சிறுவாச்சூரில் மெயின் ரோட்டை ஒட்டி அப்பாவுக்கு டிராக்டர் பட்டறை. அதற்குப் பக்கத்திலேயே வீடு. முன்னறையில் அத்தையின் தையல் மெஷின். ஜாதகத்தில் ஏதோ தோஷம் என்று அவள் கல்யாணம் சில வருடங்கள் தள்ளிப்போயிற்று. அதற்குப் பரிகாரம் செய்து முடித்த பிறகும் தள்ளிப்போனது. அந்த வருடங்களுக்கு யாரிடமும் காரணம் இல்லை.

அத்தை எல்லாவற்றுக்கும் சிரிப்பாள். முதலில் சத்தமே வராது, தோள் மட்டும் குலுங்கும். கண்கள் இறுக மூடிக்கொள்ளும். பிறகு விக்கல் போல ஒரு சத்தம் கிளம்பும். அதன்பின் நிறுத்த முடியாது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எங்கள் கணக்கு சார் நடப்பதையும் தலைமை ஆசிரியை தும்முவதையும் அவளுக்கு நடித்துக் காட்டுவது என் தினசரி வேலை. அவளைப் போலச் சிரிக்கிற ஆள் எனக்கு அதற்குப் பிறகு கிடைக்கவில்லை.

அந்த வருடம் கீழப்பழுவூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா, அத்தையின் தாடையைப் பிடித்து முகத்தை வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

“கண்ணோரத்துல கோடு விழுந்துருச்சே. வயசு சரியாத்தான் சொல்றீங்களா?”

“இருபத்தெட்டுங்க” என்றார் அப்பா. குரல் தேவைக்கு மேல் உயர்ந்திருந்தது.

“எங்க மூத்த மருமவளுக்கும் இருபத்தெட்டுதான். அவ மூஞ்சி இப்படி இல்லீங்களே.”

கேசரியைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். பதில் வரவில்லை.

அம்மா உடனே சிகிச்சையில் இறங்கினாள். எலுமிச்சம்பழத்தை வெட்டி அத்தையின் முகத்தில் தேய்த்துவிட்டாள். மறுநாள் அத்தை அதே முகத்தோடு வெயிலில் துணி காயப்போட்டாள். கன்னம் சிவந்து எரிந்தது. பயந்துபோய் அம்மா எங்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு பெரம்பலூரில் ஒரு பியூட்டி பார்லருக்குப் போனாள். அங்கிருந்த அம்மாள் அத்தையின் முகத்தைப் பார்த்ததும் சத்தம் போட்டார்.

“எலுமிச்சம்பழத்த யாரும்மா தேய்க்கச் சொன்னது? இது மூஞ்சியா, பித்தளைக் குடமா?”

அத்தைக்குத் தோள் குலுங்க ஆரம்பித்துவிட்டது.

“இந்தா பாருங்க, இப்படித்தான் கண்ண இடுக்குறீங்க. தைக்கிற வேலையா? ஊசியில நூல் கோக்கிறப்பவும் இப்படித்தான் இடுக்குவீங்க. மொதல்ல போயி கண்ண டெஸ்ட் பண்ணுங்க. கண்ணாடி போட்டாலே பாதி சரியாயிரும்.”

“கல்யாணம் ஆகாத பொண்ணுக்குக் கண்ணாடியா? அது வேணாங்க, வேற ஏதாச்சும் சொல்லுங்க” என்றாள் அம்மா.

அவர் வேறு வழிகள் சொன்னார். வெயில் ஏறிய பிறகு வெளியே போகக் கூடாது, போனால் முகத்தைத் துணியால் மூடிக்கொள்ள வேண்டும். தண்ணீர், பப்பாளி, கீரை. ஒன்பது மணிக்குப் படுக்கை. சோப்பு வேண்டாம், பயத்தமாவு போதும். முகத்தை அழுத்தித் துடைக்கக் கூடாது. சிரிப்பைப் பற்றி அவர் என்ன சொன்னார் என்பதில்தான் எனக்கு இன்றுவரை குழப்பம். சிரிக்கும்போது அழகாகத்தான் இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள் என்று சொன்னதாக ஒரு நினைவு. அது நானே பிற்காலத்தில் சேர்த்துக்கொண்டதாகவும் இருக்கலாம். ஆனால் திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா சொன்னது நிச்சயமாக நினைவிருக்கிறது.

“கேட்டல்ல? கண்ண இடுக்கக் கூடாது. உனக்கு சிரிச்சா கண்ணு இடுங்குது. ஒரு மாசம் சிரிக்காம இரு. அடுத்த எடம் நல்ல எடம். கெடுத்துக்காத.”

“ஒரு மாசமா! செத்துருவேன் அண்ணி” என்று சொல்லி அத்தை சிரித்தாள்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். “ஏ புள்ள, நீதான் பாத்துக்கணும். நீதான் இவள சிரிக்க வைக்கிற ஆளு.”

அம்மா என்னை நம்பி ஒப்படைத்த முதல் பெரிய வேலை அது. நோட்டில் இருபத்தெட்டு நாட்களுக்குக் கட்டம் போட்டேன். செட்டிகுளத்திலிருந்து சின்ன வெங்காய வியாபாரம் செய்கிற ஒருவர் வருவதற்கு அத்தனை நாட்கள்தான் இருந்தன. ஒவ்வொரு தம்ளர் தண்ணீருக்கும் ஒரு புள்ளி. பப்பாளிக்கு ஒரு ‘ப’. சிரித்தால் சிவப்பு மையில் பெருக்கல் குறி. முதல் நாளில் பதினோரு சிவப்புக் குறிகள் விழுந்தன. எனக்குச் சோறு இறங்கவில்லை. அதன்பின் நான் கணக்கு சாராக நடப்பதை நிறுத்திவிட்டேன். பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்று அத்தை கேட்டால், “ஒண்ணும் நடக்கல” என்பேன். அவளுக்கு உதடு லேசாகத் துடித்தாலே நான் என் விரலால் என் கண்ணோரத்தைத் தொட்டுக் காட்டுவேன். அதுதான் எங்கள் சைகை. அவள் உடனே முகத்தைத் தட்டையாக்கிக்கொள்வாள். பள்ளியில் இருக்கும் நேரம் முழுவதும், இப்போது சிரித்துக்கொண்டிருப்பாளோ என்ற நினைப்பே எனக்கு. இடைவேளையில் ஓடிவந்து பார்த்துவிட்டுத் திரும்பி ஓடியிருக்கிறேன்.

மூன்றாவது வாரத்தில் சிவப்பே இல்லாத நாட்கள் வந்தன. அத்தையின் முகம் உண்மையாகவே தெளிந்துவிட்டது. தூக்கமா, பப்பாளியா, வெயில் படாததா, எது என்று தெரியாது. அந்த நாட்களில் அவள் அதிகம் பேசுவதும் இல்லை. அதற்கு என் நோட்டில் கட்டம் இல்லை.

செட்டிகுளத்துக்காரர் தன் அக்காவோடும் மாமாவோடும் வந்தார். நெற்றியில் வியர்வை, கசங்காத வெள்ளை வேட்டி. அவருடைய அக்கா அத்தையின் முகத்தைப் பார்த்து, “லட்சணமா இருக்கு” என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மாப்பிள்ளை அத்தையிடம் தனியாக இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்றார். தனியாக என்றாலும் துணைக்கு ஒரு பிள்ளையை அனுப்புவதுதான் வழக்கம். பட்டறைக்குப் பின்னால் வேப்பமர நிழலுக்குப் போனோம். அத்தை மரத்தடியில் நின்றாள். அவர் அவளுக்கு எதிரே, நான் அவருக்குப் பின்னால்.

மாப்பிள்ளை வேட்டியைச் சரிசெய்துகொண்டார். பிறகு அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“எங்க ஊருல பொண்ணு பாக்கப் போனா பெரிய சிக்கலுங்க. பொண்ணு வந்து நிக்கும், கண்ணுல தாரதாரையா தண்ணி. இஷ்டமில்ல போலன்னு எந்திரிச்சி வந்துருவாங்க. அப்புறம் பாத்தா, வெங்காயம் உரிச்ச கையக் கழுவாம வந்திருக்கும்.”

அத்தையின் தோள் லேசாக அசைந்தது. நான் என் கண்ணோரத்தைத் தொட்டேன். தோள் நின்றது.

அவர் மறுபடி முயன்றார். “வரும்போது எங்கக்கா சொல்லிச்சு, உன் சட்டையில வெங்காய வாசன அடிக்குது, பொண்ணுகிட்டேருந்து தள்ளி நின்னு பேசுன்னு. எவ்ளோ தள்ளின்னுதான் சொல்லல.” சொல்லிக்கொண்டே பின்னால் ஓர் அடி வைத்தார். அங்கே அப்பா பழைய ஆயிலை ஊற்றி வைத்திருந்த தகர டப்பா இருந்தது. கால் கணுக்கால் வரை உள்ளே போனது. வேட்டி ஓரமெல்லாம் கறுப்பு. “சரி, இவ்ளோ தள்ளி போதும்” என்றார், டப்பாவுக்குள் நின்றபடியே.

நான் இரண்டு கைகளாலும் இரண்டு கண்ணோரங்களையும் அழுத்திக் காட்டினேன். அத்தை உதட்டைக் கடித்துக்கொண்டு கல்லாக நின்றாள். அவ்வளவு பெரிய சிரிப்பை ஒரு ஆள் விழுங்கி நான் பார்த்ததே இல்லை.

அவர் காலை வெளியே எடுத்தார். முகத்தில் இருந்த வேடிக்கை போய்விட்டது. “உங்களுக்கு இதுல சம்மதந்தானுங்களா? யாரும் கட்டாயப்படுத்தலையே?” என்று மெதுவாகக் கேட்டார். வாயைத் திறந்தால் சிரிப்பு வந்துவிடும் என்று அத்தைக்குத் தெரியும். தரையைப் பார்த்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு உள்ளே போனார்.

அன்று மாலை வண்டி கிளம்பிய பின், அத்தை என்னை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள். “அந்த டப்பாவுல கால விட்டாரே, அத செஞ்சு காட்டு.” செய்துகாட்டினேன். இருபத்தெட்டு நாள் சிரிப்பும் ஒன்றாக வந்தது. “அதான் பாத்துட்டுப் போயிட்டாங்கல்ல, இனிமே என்ன” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இவ்ளோ தள்ளி போதும்னாரே, அத ஒரு தடவ சொல்லு.” எத்தனை முறை சொன்னேன் என்று தெரியாது. சட்டைக்கு எத்தனை பொத்தான், மீசை எப்படி இருந்தது என்றெல்லாம் கேட்டாள். அவ்வளவு அருகில் நின்றும், தரையைப் பார்த்துப் பார்த்தே அவள் சரியாகப் பார்த்திருக்கவில்லை.

பத்து நாள் கழித்துத் தரகர் வந்தார்.

“மாப்பிள்ளைக்குப் புடிச்சுத்தாங்க இருந்துச்சு. ஆனா பொண்ணு மொகத்த உம்முன்னு வச்சிருந்துச்சாம். எவ்ளோ பேசியும் ஒரு சிரிப்பு இல்லையாம். இஷ்டமில்லாத பொண்ணக் கட்டி என்ன பண்றதுன்னுட்டாரு.”

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். மெஷினில் உட்கார்ந்திருந்த அத்தை, “வேற எடம் பாத்துட்டாங்களா?” என்று கேட்டாள். பெண் இப்படி நேராகக் கேட்டதில் தரகர் கொஞ்சம் தடுமாறினார்.

“நேத்துதாம்மா பூ வச்சு உறுதி பண்ணாங்க. அரியலூர் பக்கம்.”

அப்பா எழுந்து என்னிடம் வந்தார். அப்பாவுக்குக் கோபம் வந்தால் எதிரில் யார் என்று பார்க்க மாட்டார். “கூட நீதானே நின்ன? என்ன நடந்துச்சு அங்க?”

என் கை தானாகக் கண்ணோரத்துக்குப் போனது. அத்தை என்னைப் பார்த்தாள். பிறகு மெஷினின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள்.

“அவள ஏண்ணே கேக்குற? எனக்குத்தான் புடிக்கல. ஆளும் அவரு பேச்சும். வெங்காய நாத்தம் வேற.”

அப்பா அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். ஆறு மாதமாவது இருக்கும். திமிர் என்றார்கள், முப்பது தாண்டியும் திமிர் அடங்கவில்லை என்றார்கள். முப்பத்தைந்தில் ஜெயங்கொண்டத்தில் அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. மாமா நல்லவர். அதிகம் பேச மாட்டார்.

தரகர் வந்துபோன அன்று எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் வந்தது. பிடிக்காத ஆளை எதற்கு அத்தனை முறை நடித்துக் காட்டச் சொன்னாள்? யோசித்துப் பார்த்து, பிடிக்காதவர்களைப் பார்த்துத்தான் பெரியவர்கள் அப்படிச் சிரிப்பார்கள் போலிருக்கிறது என்று முடிவு செய்தேன். மனசு லேசாகிவிட்டது. நான் என் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறேன், கெடுத்தது அத்தைதான். ஒரு மாத உழைப்பை வீணாக்கிவிட்டாளே என்ற கோபத்தில் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் அவளாகவே வந்து, என்னை முன்னால் உட்கார வைத்து, ஒன்றும் பேசாமல் தலை பின்னிவிட்டாள். செய்த தப்புக்கு மன்னிப்புக் கேட்கிறாள் என்று நினைத்தேன். பெரிய மனது பண்ணி மன்னித்துவிட்டேன்.