சோலோன் டிராமில் என் மகன்

செவ்வாய்க்கிழமை விடிகாலையில் கப்பல் கடலை விட்டு ஆற்றுக்குள் திரும்பியது. சைகோன் கடலோர ஊர் என்றுதான் புதுச்சேரியில் நினைத்துக்கொண்டிருந்தேன். வளைந்து வளைந்து போகும் ஆற்றில் அரை நாள் உள்ளே போக வேண்டும். இரண்டு கரையிலும் சேறும் அலையாத்திக் காடும்தான். மாதா கோவிலின் இரட்டைக் கோபுரம் ஒரு வளைவில் வலப்பக்கம் தெரிந்தது, அடுத்த வளைவில் இடப்பக்கம் போய்விட்டது. "பிள்ளையை என்னோடு அனுப்பிவையும், தாயே" என்று கும்பிட்டேன்.

அதற்காகத்தான் வந்தேன். என் மகன் அந்துவானுக்குச் சின்ன வயதில் விஷக் காய்ச்சல் கண்டபோது, பிழைத்தால் அவனைச் சர்வேசுரனுக்கு விட்டுவிடுவதாக நேர்ந்துகொண்டேன். பிழைத்தான். வெள்ளைக்காரர் வீட்டில் சமையல் வேலை பார்த்து வளர்த்து, சாமியாராகப் படிக்கக் குருமடத்தில் சேர்த்தேன். பாதியிலேயே வெளியே வந்து கப்பலேறிவிட்டான். சைகோனில் டிராம் வண்டியில் டிக்கெட் கொடுக்கிறான் என்று தெரிந்ததிலிருந்து, யார் அவனைப் பற்றிக் கேட்டாலும் பேச்சை மாற்றிவிடுவேன்.

துறையில் காக்கி உடுப்போடு நின்றான். நன்றாகக் கறுத்திருந்தான். ரிக்‌ஷாவை இங்கே பூஸ்பூஸ் என்கிறார்கள்; ஐந்து சென்ட் கொடுத்து ஏறினோம். பள்ளிவாசல் தெருவில், காரைக்கால் மரைக்காயர் ஒருவரின் துணிக்கடைக்கு மேலே அவன் அறை. பெட்டியை இறக்கியதும் ஆரம்பித்துவிட்டேன்.

"மடத்துப் பெரிய சாமியார் உன்னைத் திரும்பச் சேர்த்துக்கிறேன்னு சொல்லிட்டாருடா. அடுத்த கப்பல்ல என்னோட வந்துடு."

"அம்மா, அன்னிக்கு என்னன்னு நேர்ந்துகிட்ட?"

"உன்னை ஆண்டவருக்கு ஊழியக்காரனா விடறேன்னுதான்."

"சாமியாரா விடறேன்னு சொன்னியா?"

"அதைத் தனியா வேற சொல்லணுமா?"

அவன் சிரித்துவிட்டான். எனக்கு அழுகை வந்தது. "சரி, நாளைக்கு என் வண்டியில வந்து உட்காரு. அப்புறமும் கூப்பிட்டா வர்றேன்" என்றான்.

புதன்கிழமை காலை ஆறு மணி வண்டியில் ஏறினேன். சீனர்களின் ஊரான சோலோன் இங்கிருந்து ஐந்து கிலோமீட்டர். நடுவில் வயலும் பழைய கல்லறை மேடுகளும். மூன்றாம் வகுப்பில் மீன் கூடை, கீரைக் கட்டு, சாக்கில் கட்டிய பன்றிக்குட்டி, எல்லாவற்றுக்கும் நடுவே ஆட்கள். கூடைக்காரிகள் படியில் கால் வைக்கும் முன்பே அந்துவான் சுமையை வாங்கி உள்ளே வைத்துவிடுவான். வயதான பெண்களை 'பா' என்று கூப்பிட்டான். இந்த ஊரில் அது மரியாதைச் சொல்லாம். ஒவ்வொரு நிறுத்தம் தாண்டியதும் அவன் உதடு அசைந்தது. என்னடா முணுமுணுக்கிறாய் என்று கேட்டேன்.

"இறங்கிப் போனவங்களுக்காக ஒரு 'அருள் நிறைந்த மரியே' ஜெபம்."

"அவங்க எல்லாரும் புத்த சமயத்துக்காரங்கடா!"

"மாதாவுக்குத் தெரியாதா அம்மா?"

பாதி வழியில் ஒரு கிழவியின் மூங்கில் கூடை பிய்ந்துகொண்டது. உள்ளே இருந்த வாத்துகளெல்லாம் காலடியில் சிதறின. நாலைந்து வெளியே குதித்து வயலுக்குள் இறங்கிவிட்டன. கிழவி தலையில் அடித்துக்கொண்டு அலறினாள். வண்டியை நிறுத்தாதே என்று முதல் வகுப்பிலிருந்து ஒரு துரை கத்தினார். அந்துவான் மணிக் கயிற்றை இழுத்தான், வண்டி நின்றது. பூட்ஸோடு சேற்றில் இறங்கினான். ஒரு சீனர் அவன் பின்னால் குதித்தார். எனக்கு என்ன தோன்றியதோ, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நானும் இறங்கிவிட்டேன். வாத்து பிடிப்பது எனக்குப் புதிதா என்ன! மடக்கி இரண்டைப் பிடித்தேன். வண்டி முழுக்கச் சிரிப்பு. கிழவி என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதேதோ சொன்னாள்; ஒரு வார்த்தையும் விளங்கவில்லை, எல்லாம் விளங்கியது.

சோலோனில் மேற்பார்வையாளர் எல்லார் முன்னாலும் அவனைத் திட்டினார். தாமதத்துக்கு அபராதமும் போட்டார். அந்துவான் தொப்பியைக் கழற்றிக் கேட்டுக்கொண்டான். அவர் போனதும் பொறுக்காமல் கேட்டேன்.

"இந்தப் பேச்சுக் கேட்கவாடா உன்னைப் பெத்தேன்?"

"இது போயிடும்மா. மடத்துல நல்லாத்தான் வச்சிருந்தாங்க. ஆனா அங்க எனக்காகவேதான் வேண்டிகிட்டிருந்தேன். இங்க அதுக்கு நேரமே இல்ல." சேறு காய்ந்த கையோடு சிரித்தான். காய்ச்சல் விட்ட அன்று கண் திறந்து பார்த்த முகம் அது. அதற்குப் பிறகு நான் பார்க்காதது.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் பூசை கண்டோம். இலத்தீன் மந்திரம் புதுச்சேரியில் கேட்பதுதான். நான் பீடத்தைப் பார்க்கவில்லை, பக்கத்தில் முழங்காலிட்டிருந்தவனைப் பார்த்தேன். ஆண்டவருக்கு என்று கொடுத்துவிட்டு, அவர் எங்கே வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் இத்தனை வருஷம் நானே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். மனம் லேசாகிவிட்டது. தோத்திரம் சொன்னேன். வெளியே வந்ததும், "நீ இங்கேயே இருடா" என்றேன். அவன் நடுத்தெருவில் என் கையை எடுத்து உதட்டில் வைத்து முத்தி செய்தான்.

அடுத்த வியாழக்கிழமை கப்பல். வழியனுப்ப விடுப்புக் கேட்கிறேன் என்றான். வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். என் துணைக்குக் காரைக்கால் போகிற ஒரு குடும்பத்தை மரைக்காயர் சேர்த்துவிட்டார். துறையில் எல்லாருடைய சொந்தக்காரர்களும் கைக்குட்டை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குடும்பத்து அம்மாள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"உங்க மகன் வரலையாம்மா?"

"வேலையில இருக்கான்" என்றேன்.

என்ன வேலை என்று கேட்டாள். கப்பல் ஆற்றில் திரும்பும்வரை அவளுக்கு விடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன்.