லாரிக்கு எண்ணெய்க் குளியல்

தாணுலிங்கம் தன் தலைக்கு எண்ணெய் வைக்க மறந்த சனிக்கிழமைகள் உண்டு. லாரிக்கு வைக்க மறந்ததில்லை. தூத்துக்குடி உப்பளத்திலிருந்து துறைமுகத்துக்கு உப்பு மூட்டை ஏற்றும் பழைய லாரி அது. மார்கழி பிறந்துவிட்டால் பனி குடித்த மூட்டைகள் வழியெல்லாம் கசியும். அந்தத் தண்ணீர் இரும்பில் இறங்கினால் தகடு அப்பளமாக உதிர்ந்துவிடும். அதனால் வாரம் ஒருநாள் நல்ல தண்ணீரில் குளிப்பாட்டி, தோணிக்காரர்களிடம் வாங்கிய புன்னை எண்ணெயை அடித்தகடு முழுக்கத் தேய்ப்பார். முறை மட்டும்தான் தலைகீழ். முதலில் குளியல், அப்புறம் எண்ணெய்.

"அண்ணாச்சி, சீயக்காய் தீந்துட்டோ?" என்று தெருவே கேலி பண்ணும். அவரும் சிரித்துக்கொண்டே தேய்ப்பார்.

சிரிக்காதவள் அவர் மனைவி இசக்கித்தாய் ஒருத்திதான். கிணற்றுத் தண்ணீர் கரிக்கும் தெரு அது. நல்ல தண்ணீர்க் குழாய் இரண்டு தெரு தள்ளி. அவள் சுமந்து வந்த தண்ணீரில் லாரி குளிக்கும். அவளோ கிணற்றுத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, பிசுபிசுக்கும் தலையை அள்ளி முடிவாள்.

"என்னைக் கெட்டுனதுக்கு இதையே கெட்டிருக்கலாம்."

"இது துருப்பிடிச்சா மொதலாளி என்னைய மாட்டுவண்டிக்கு அனுப்பிருவாருளா!"

அது வீண் பயமில்லை. நாற்பத்து மூன்றாம் வருஷம், உலகச் சண்டைக் காலம். புது லாரி கண்ணில் காணக் கிடையாது. இது போனால் மாட்டுவண்டிதான் என்று முதலாளி மந்திரமூர்த்தி சொல்லியே விட்டார். பதினைந்து வருஷம் மாட்டின் வாலைப் பார்த்து ஓட்டியவர் தாணுலிங்கம். ஸ்டியரிங் பிடித்த கையோடு மறுபடி அந்த வாலுக்குப் பின்னால் உட்காருவதை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

அந்த மார்கழியில் ஒரு சனிக்கிழமை அவருக்குக் காய்ச்சல். கண்ணைத் திறக்க முடியவில்லை. ஞாயிறு சாயங்காலம் மெல்ல வாசலுக்கு வந்தால், லாரி பளபளவென்று நிற்கிறது.

"யாருளா தேச்சா?"

"தானாவா தேச்சுக்கிடும்? ஒரு இண்டு இடுக்கு விடல, பாத்துக்கிடுங்க."

டிரைவராக நின்றிருந்தால் எந்த இடுக்கு என்று கேட்டிருப்பார். அந்த நேரம் அவர் வெறும் புருஷனாக இருந்தார், உருகிப்போய் நின்றுவிட்டார்.

திங்கட்கிழமை விடியற்காலை, வெறும் சாலை. பிரேக்கைத் தொடவே வேலையில்லை. உப்பள வளைவில்தான் மிதித்தார். லாரி கேட்கவில்லை. இன்னும் அழுத்தி மிதித்தார். ம்ஹூம். இடப்பக்கம் ஓடை. வலப்பக்கம் ஓலை மூடிய உப்பு அம்பாரம். நேர் எதிரே, கையில் குடையோடு முதலாளி. தாணுலிங்கம் வலப்பக்கம் ஒடித்தார். எட்டு வருஷமாக எதனிடமிருந்து லாரியைக் காப்பாற்றினாரோ, அந்த உப்பே அதை மெத்தை மாதிரி வாங்கிக்கொண்டது.

இறங்கிச் சக்கரத்தைப் பார்த்தார். உள்ளேயிருந்து புன்னை எண்ணெய் ஒழுகியது. பிரேக் பிடிக்கிற இடத்தில் எண்ணெயைக் கொட்டினால் எந்த லாரிதான் நிற்கும்?

அதற்குள் செய்தி போய், இசக்கித்தாய் தலைவிரிகோலமாக ஓடிவந்துவிட்டாள். அவளும் அந்த எண்ணெயைப் பார்த்தாள். முகம் வெளுத்துப்போயிற்று.

"ஏலே தாணு, பிரேக்குக்கு என்னலே கேடு?" என்று முதலாளி கத்தினார்.

தாணுலிங்கம் அவள் பக்கமே திரும்பவில்லை. "பிரேக்கு நல்லாத்தான் இருக்கு மொதலாளி. என் காலுதான் வழுக்கிட்டு. காய்ச்சல்ல கெடந்த காலு."

"இன்னொரு தரம் வழுக்குச்சுன்னா மாட்டுவண்டிதான், பாத்துக்க!"

"சரி மொதலாளி."

சக்கரங்களைக் கழற்றி, பெட்ரோல் விட்டுத் துடைத்து மாட்டி, மத்தியானம் லாரியை வீட்டுக்குக் கொண்டுவந்தார். இசக்கித்தாய் குடத்தை எடுத்துக்கொண்டு குழாய்க்கு ஓடினாள். குடம் குடமாகக் கொண்டுவந்து, ஒட்டியிருந்த உப்பைக் கழுவினாள். கடைசியில் குடிக்க வைத்திருந்த தண்ணீரையும் ஊற்றினாள். அன்று சோற்றுக்குப் பிறகு இருவரும் கிணற்றுத் தண்ணீரைத்தான் முகம் சுளித்துக் குடித்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை வாசலில் தண்ணீர்க் குடங்கள் வரிசையாக நின்றன. தாணுலிங்கம் எண்ணெய்க் கிண்ணத்தை அவளிடமே நீட்டினார்.

"ஏளா, இன்னைக்கும் நீயே தேயி. சக்கரத்துக்கு உள்ள மட்டும் வேண்டாம். அதுக்குச் சளி பிடிச்சிருக்கு, எண்ணெய் ஆகாது."

"அப்ப வழுக்குத காலுக்கும் ஆகாதுல்லா?" என்றாள் இசக்கித்தாய். சிரிக்கத்தான் நினைத்தாள், அழுகை முந்திக்கொண்டது.

தாணுலிங்கம் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, முதல் குடத்தைத் தூக்கி அவள் இடுப்பில் வைத்தார்.

"மொதல்ல நீ போயி தலைக்கு ஊத்து."

அன்றைக்கு லாரி இரண்டாவதாகத்தான் குளித்தது.