ணக்கென்ற சலங்கை

அன்று மொட்டைமாடிக் கொட்டகையில் இருந்தவர்கள்: டான்ஸ் மிஸ், நான், பதினோரு பெண் பிள்ளைகள். பிள்ளைகளில் ஒன்று என் மகள். இன்னொன்று மீன்காரம்மாவின் மகள். மற்ற ஒன்பதும் சுற்றுவட்டத் தெருப் பிள்ளைகள். ஆக மொத்தம் பதின்மூன்று பேர். கீழே குடியிருக்கும் வீட்டுக்காரம்மா சண்டை போட்டுவிட்டுப் படியிறங்கிப் போயிருந்தார். கடைசிப் படி வரை இறங்கினாரா, நடுவில் நின்று காது கொடுத்துக் கேட்டாரா என்பதுதான் தெரியவில்லை. நின்றிருந்தால் பதினான்கு. இந்தக் கணக்கை நான் பஸ்ஸில் போட்டிருக்கிறேன், ரேஷன் கடை வரிசையில் போட்டிருக்கிறேன், பால் பொங்கி வழியும்வரை அடுப்பு முன்னால் நின்று போட்டிருக்கிறேன்.

எனக்கு நாட்டியம் தெரியாது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். திருவொற்றியூரில் அந்த கிளாஸில் என் வேலை பிள்ளைகளை அடக்கிவைப்பது. மிஸ் கட்டையைத் தட்டிச் சொல்லிக்கொடுக்கும்போது ஒருத்தி இன்னொருத்தி பின்னலை இழுப்பாள், ஒருத்தி தண்ணீர் என்பாள், ஒருத்தி காரணமே இல்லாமல் சிரிப்பாள். அதையெல்லாம் நான் பார்த்துக்கொள்ள வேண்டும். எனக்குச் சம்பளம் கிடையாது, அதற்குப் பதிலாக என் மகளுக்கு ஃபீஸ் கிடையாது. சேர்த்த அன்றே மிஸ் சொல்லிவிட்டார்:

"உன் பொண்ணே சேட்டை பண்ணா மத்த அம்மாங்க என்னைத்தான் கேப்பாங்க. அப்புறம் ரெண்டு பேரும் கிளம்பிடணும். வருத்தப்படக் கூடாது."

மாதம் ஐந்நூறு ரூபாய் கொடுத்து ஆட வைக்க எங்களால் ஆகாது. என் வீட்டுக்காரர் டிரெய்லர் லாரியில் கிளீனர். மகளோ பல் விளக்கும்போதுகூடக் காலைத் தட்டிக்கொண்டு நிற்பாள். அவள் வாயில் சத்தம் வந்தால் அவள் ஆட்டம் போச்சு. இந்தப் பயத்தோடுதான் தினமும் படியேறுவேன்.

பிள்ளைகளை அடக்க நான் கண்டுபிடித்தது ஸ்டாச்சு. தெருவில் அவர்கள் விளையாடுவதுதான். ஸ்டாச்சு என்று சொன்னால் நின்றபடியே நிற்க வேண்டும். சலங்கை பூஜை முடிந்து எல்லார் காலிலும் சலங்கை ஏறிய பிறகு, நான் பார்க்கக்கூடத் தேவைப்படவில்லை. பாதி உட்கார்ந்த நிலையில், அரைமண்டியில் நிற்கவைத்து ஸ்டாச்சு சொல்லிவிட்டு முதுகைக் காட்டி நின்றுகொள்வேன். இரண்டு நிமிஷத்தில் தொடை நடுங்கும், சலங்கை காட்டிக்கொடுக்கும். மூன்று வாரத்தில் எந்தச் சலங்கை எந்தப் பிள்ளையினுடையது என்று என் காதுக்குப் பழகிவிட்டது. திரும்பாமலே பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன். பிள்ளைகள் மிரண்டுபோகும். அவர்கள் மிரள்வதைக் கேட்க எனக்குப் பிடித்திருந்தது.

என் மகளின் சலங்கை பாரிமுனையில் வாங்கிய பழையது. இடது காலில் மூன்று மணி உதிர்ந்திருந்தது. இன்னொரு மணி நசுங்கிப்போய், ஜல் என்று கேட்பதற்குப் பதிலாக ணக் என்று கேட்கும். மீன்காரம்மாவின் மகளுடையது பூஜைக்கென்றே ஆயிரத்து இருநூறு ரூபாய் போட்டு வாங்கிய புதுசு. பதினோரு பேரில் அதற்குத்தான் நல்ல சத்தம். ஆனாலும் அவள் வந்தால் மற்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள்.

"மிஸ், கவுச்சி வந்துட்சி மிஸ்!"

"ஏய், வஞ்சிரமா நெத்திலியாடி இன்னைக்கி?"

நான் தடுக்கவில்லை. அந்தச் சிரிப்பு முடிந்தால் பத்து நிமிஷம் அமைதியாக இருப்பார்கள். இரண்டு அம்மாக்கள் வந்து வாடையைப் பற்றிச் சொல்லிவிட்டும் போனார்கள். மணலி ஆலைகள் பக்கமிருந்து காற்று திரும்பினால் கொட்டகை முழுக்க கேஸ் நாற்றம் அடிக்கும், அதற்கு யாரிடமும் போய்ச் சொன்னதில்லை. கடைசியில் நான்தான் அவளைத் தண்ணீர் டேங்க் ஓரமாக ஒதுக்கினேன். பக்கத்தில் நிற்க யாரும் ஒத்துக்கொள்ளாததால் என் மகளை நிறுத்தினேன்.

அன்று வீட்டுக்காரம்மா மேலே ஏறி வந்து கத்தினார்.

"இன்னாமே இது, தல மேல இடி இடிக்கிற மாதிரி கீது! பகல்ல கண்ண மூட வுட மாட்றீங்க. இன்னொரு தபா சத்தம் கேட்டுச்சி, கொட்டாய்க்குப் பூட்டுதான், சொல்லிட்டேன்."

அவர் தலை மறைந்ததும் மிஸ் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். முகம் வெளுத்திருந்தது.

"அஞ்சு நிமிஷம் ஸ்டாச்சு. இன்னைக்கு யாரு ஆடினாலும் வீட்டுக்குப் போயிடலாம். நாளைக்கும் வர வேணாம், என்னைக்கும் வர வேணாம்."

நான் ஸ்டாச்சு என்று சொல்லிவிட்டுச் சாலையைப் பார்த்துத் திரும்பி நின்றேன். கீழே கன்டெய்னர் லாரிகள் ஒன்றின் பின் ஒன்றாக நகராமல் நின்றன. எண்ணினேன். ஒன்பதாவது லாரி வரை எண்ணியிருப்பேன்.

ணக்.

டேங்க் பக்கமிருந்து வந்தது. சந்தேகமே இல்லை. அந்தச் சத்தம் போட அங்கே ஒரே ஒரு கால்தான் உண்டு. மிஸ் மெதுவாகக் கேட்டார்: "யாரு?"

நான் திரும்பினேன். என் மகளைப் பார்க்கவில்லை. அவளுக்கு அந்தப் பக்கம் நின்றவளைப் பார்த்து விரலை நீட்டினேன். மீன்காரம்மாவின் மகள் பெயரைச் சொன்னேன்.

அந்தக் குழந்தை முதலில் என்னைப் பார்க்கவில்லை, குனிந்து தன் காலைப் பார்த்தது. தன் காலுக்கே தெரியாமல் சத்தம் வந்திருக்குமோ என்று பார்க்கிற மாதிரி.

"நான் ஆடல ஆன்ட்டி."

"ஆடலயாம்டி! டான்ஸ் கிளாஸ் வந்து ஆடலயாம்!" என்றாள் முன்வரிசையில் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். பத்துப் பேருக்கும் ணக் என்று கேட்டிருக்கும், அத்தனை பேரும் சிரித்தார்கள். என் மகளும் சிரித்தாள்.

"ஆன்ட்டி, சத்தியமா ஆடல ஆன்ட்டி."

"வாயாடாத. சலங்கைய கழட்டு."

முடிச்சு அவளுக்கு அவிழவில்லை. நான் மண்டியிட்டு அவிழ்த்தேன். கணுக்காலில் கயிறு அழுத்திய தடம் சிவந்து கிடந்தது. குனிந்து என் காதருகே சொன்னாள், "எங்கம்மாகிட்ட சொல்லிடாதீங்க." சலங்கையைப் பையில் போட்டு அவள் கையில் கொடுத்துப் படி வரை கொண்டுபோய் விட்டேன். படியில் அவள் இறங்க இறங்க, பைக்குள்ளிருந்து ஜல் ஜல் என்று கேட்டது.

கிளாஸ் முடிந்து பிள்ளைகள் போனதும் மிஸ் வருகைப் பதிவு நோட்டை என்னிடம் நீட்டினார். அவள் பெயர் மேல் கோடு போட்டிருந்தது.

"காது நல்லா கேக்குது உனக்கு" என்றார். அவ்வளவுதான். தாளத்தில் அரை எண்ணிக்கை பிசகினால் கண்டுபிடிக்கிறவர் அவர். வாடைப் புகார் தீர்ந்தது, இலவச ஆளும் கையை விட்டுப் போகவில்லை. அவருக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் மகள் என் முந்தானையைப் பிடித்தாள். "அம்மா, கொசு கடிச்சிச்சிம்மா. அதான்..."

முடிக்க விடவில்லை. கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டேன். "ஒண்ணுமே நடக்கல. தெரிதா?"

அதன்பிறகு ஒரு வாரம் ஸ்டாச்சு சொல்லவே தேவைப்படவில்லை. நான் எழுந்து நின்றாலே பத்துப் பிள்ளைகளும் மூச்சை அடக்கினார்கள். இந்த மாதிரி ஒழுங்கை நான் பார்த்ததில்லை என்று ஓர் அம்மா பாராட்டினார்.

எட்டாம் நாள் சாயங்காலம் மீன்காரம்மா எங்கள் வாசலில் கூடையை இறக்கினார். நான் மகளை உள்ளே போகச் சொன்னேன். அவர் பேச ஆரம்பித்தபோது குரலில் கோபம் இல்லை, அது இன்னும் பயமாக இருந்தது.

"அது அடங்காதுமே. நீ வெரட்டனது கரீட்டுதான். நானும் வூட்ல தொடப்பத்தால நாலு போட்டேன். கடைசி வரிக்கும் ஆடல ஆடலன்னே சொல்லிகினு கீது."

அவர் மடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். உள்ளே அந்தச் சலங்கை.

"இத்த வெச்சிகினு நான் இன்னா பண்றது? ஒம் பொண்ணுது ஒடஞ்சி கீதாமே. ணக்கு ணக்குன்னு கேக்குமாம். எம் பொண்ணுதான் சொல்லிச்சி. தொள்ளாயிரம் குட்து எடுத்துக்க."

அவர் என் முகத்தைப் பார்த்தாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நான் கவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உடனே சரி என்றால் சந்தேகம் வரும் என்று தோன்றியது. குற்றம் செய்தவள்தான் பேரம் பேசாமல் வாங்குவாள். அதனால் பேரம் பேசினேன். கயிறு அழுக்காகிவிட்டது என்றேன், தோல்பட்டையில் மீன் வாடை அடிக்கிறது என்றேன். அதைச் சொன்னதும் அவர் குனிந்து கூடையைப் பார்த்தார்.

"சரி, எழுநூறு குடு" என்றார்.

கையில் இருநூற்றைம்பது இருந்தது, கொடுத்தேன். மீதியை மெதுவாகக் கொடு என்று சொல்லிக் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டார்.

என் மகள் இப்போது முன்வரிசை. வாரா வாரம் மீன்காரம்மா எங்கள் தெருவில் கூவிக்கொண்டு போகிறார், வாசலில் நின்று காசு கேட்பதில்லை. குரல் கேட்டதும் நான் கதவைச் சாத்திக்கொள்கிறேன். பாக்கி நானூற்றைம்பது ரூபாய்.